சந்தனம் அப்பிய பெட்டி

"நாளைக்கு எனக்குக் காவி குடுத்திருங்க தாயே. வீட்டுக்காரி பேச்சிகிட்ட சொல்லிட்டு வந்துட்டேன். இனி வீட்டுக்குப் போகமாட்டேன்."

கேட்டவர் கோமதிநாயகம், அறுபதைத் தாண்டியவர். பொதிகை அடிவாரத்து மடத்தில் அவருக்குக் குரு சொர்ணத்தாயார். வயதில் இவரைவிட ரொம்ப இளையவர்.

"மதினி என்ன சொன்னாங்க?" என்றார் தாயார்.

"என்னத்தச் சொல்லுவா? அழுதா. அவ என்னை நம்பி வந்தவ. நான் உங்களை நம்பி வந்திருக்கேன்."

தாயார் பேச்சை மாற்றினார்.

"அண்ணாச்சி, மாடியில சோலார் ஒழுங்கா ஓடுதான்னு பாத்துட்டு வாங்க."

காவி கேட்டால் கரண்டைப் பற்றிப் பேசுகிறாரே என்றிருந்தது கோமதிநாயகத்துக்கு. குரு சொன்னால் மறுபேச்சு ஏது? மடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"விளக்கு எரியுது, ஃபேன் சுத்துது, மோட்டார் தண்ணி ஏத்துது. நல்லா ஓடுது தாயே."

"விளக்கு எரியுதான்னு நான் கேக்கலையே."

மாடியேறினார். உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது. சோலார் தகடுகளில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. தினமும் கழுவிவிடுகிறவரே அவர்தான்.

"பளபளன்னு இருக்கு தாயே."

"பளபளப்பையும் கேக்கலை."

தாயார் எழுந்து நடந்தார். இவர் பின்னாலேயே போனார்.

பூஜை அறையை ஒட்டிய சுவரில் சோலாரின் இன்வெர்ட்டர் பெட்டி இருந்தது. ஆயுத பூஜைக்கு இட்ட சந்தனத்தை அந்த மடத்தில் யாரும் துடைக்கக் கூடாது, அதுவாக உதிர வேண்டும். உதிர விட்டால்தானே? வெள்ளிக்கிழமை தவறாமல் மேலும் மேலும் அப்பிவிடுவார்கள். தகடு எவ்வளவு கரண்டு தருகிறது என்று காட்டும் சின்னக் கண்ணாடி அதற்குள் எங்கேயோ புதைந்து கிடந்தது.

"துடைங்க."

"அபச்சாரம் தாயே."

தாயாரே முந்தானையால் அழுத்தித் துடைத்தார்.

ஒரு சிவப்பு விளக்கு மினுங்கியது. கண்ணாடியில் பூஜ்யம்.

"இந்த வெயில்லயா?" கோமதிநாயகம் திகைத்துப்போனார். "அப்போ இத்தனை நாளா எரிஞ்சது?"

"தெருக் கம்பத்துக் கரண்டு. இது நின்னா அது தானா வந்துரும். விளக்கு மினுக்குனுகூட அணையாது."

"எப்ப நின்னுது?"

"யாரு பாத்தா?"

அவருக்கு வெட்கமாகிவிட்டது. "ஆளைக் கூப்பிட்டுச் சரிபண்ணிரலாம் தாயே. இது ஒரு பெரிய விஷயமா?"

"பெட்டிக்கு ஆள் வருவான்." தாயார் சுவரில் சாய்ந்துகொண்டார். "எனக்கும் நின்னுபோச்சு அண்ணாச்சி."

கோமதிநாயகம் சிரித்தார். குரு சோதிக்கிறார் என்று நினைத்தார். தாயார் சிரிக்கும் சத்தம் கேட்கவில்லை.

"காலையில பேசினீங்களே தாயே. கேட்டவங்க கண்ணுல தண்ணி வந்துச்சே."

"அது அவங்க வீட்டுலருந்து கொண்டுவந்த தண்ணி. கும்பிடுறீங்க, பாடுறீங்க, அழுறீங்க. அதுல நான் ஓடிக்கிட்டிருக்கேன். தனியா உக்காந்து கண்ணை மூடினா, உள்ள ஒண்ணும் இல்ல."

கோமதிநாயகத்துக்குக் கோபம் வந்தது. குரு, மரியாதை எல்லாம் அந்த நிமிஷத்தில் பறந்துவிட்டது.

"பேச்சியை அழவிட்டுட்டு வந்திருக்கேனே! முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லலையா? போன ஆடியில, சபை நடுவுல, எனக்கு ஒண்ணும் தெரியலைன்னு சொன்னேனே. என்ன அடக்கம், என்ன அடக்கம்னு எல்லாரும் கால்ல விழுந்தீங்க. முதல்ல விழுந்தது நீங்க."

உண்மைதான். அன்று அவர் விம்மி விம்மி அழக்கூடச் செய்தார்.

"காவி வேணும்னீங்களே," என்றார் தாயார். "நாளைக்கு நான் இதைக் கழட்டி வச்சிருதேன். வேணும்னா எடுத்துக்கோங்க."

அந்த மடத்தில் குருவின் பாதத்தைப் பார்த்துத்தான் பேச வேண்டும். நிமிர்ந்து முகம் பார்ப்பது மரியாதை இல்லை. இத்தனை வருஷமும் கோமதிநாயகம் அப்படித்தான் பேசிவந்தார். இப்போது நிமிர்ந்து பார்த்தார்.

பல நாள் அழுது வீங்கிப்போன முகம் அது.