செங்கலுக்கு இடம்

மலையடிவாரத்து ஊர் ஒன்றில் நாச்சியார் என்று ஒருத்தி இருந்தாள். சைக்கிளில் வெகுதூரம் போய் வருகிறவள். அவளிடம் சைக்கிள் பயணம் பழகப் போனவர்கள் எல்லாரும் அவளைவிட மூத்தவர்கள். ஆனாலும் வாத்தியாரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். முதலில் கேலிக்குச் சொன்னது, பிறகு அதுவே பெயராகிவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை உலகநாதன் வந்தார். ஐம்பது தாண்டியவர். ஏறி வரவில்லை, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்கேரியரின் இரண்டு பக்கமும் இரண்டு பெரிய பைகள் தொங்கின.

"என்ன அண்ணாச்சி, மலைக்குப் போனவர் அதுக்குள்ள திரும்பிட்டீயளா?"

"இரட்டைப் பாறைக்கு நடுவுல பாதை ஒடுங்குது. வண்டி போகுது, பை போகல."

"பையைக் கழற்றித் தூக்கிட்டுப் போக வேண்டியதுதான?"

"தூக்கிப் பார்த்தேன். தூக்க முடியல."

மலைக்கு மேலேதான் அவருடைய அண்ணன் சங்கரலிங்கத்தின் வீடு. இருவரும் பேசி ஆறு வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டைக் காலி செய்துவிட்டு மகனோடு பூனாவுக்கே போகிறார் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அந்தப் பக்கம் பஸ் கிடையாது, ஒற்றையடிப் பாதைதான். நடக்க உலகநாதனுக்கு முழங்கால் விடாது. மிதித்தால் வலிக்காது.

"எதை விட்டுட்டுப் போகணும் வாத்தியாரம்மா? அதை மட்டும் சொல்லுங்க."

நாச்சியார் இடது பையைத் திறந்தாள். மாற்றுத்துணி, போர்வை, மழைக்கோட்டு, பஞ்சர் ஒட்டும் சாமான். அடியில் ஓலைப்பெட்டி நிறையக் கருப்பட்டி.

"இது யாருக்கு?"

"அவனுக்குத்தான். கருப்பட்டிக் காப்பி இல்லாம அவனுக்கு விடியாது."

வலது பையைத் திறந்தாள். பழைய ஸ்பேனர் செட்டு ஒன்று. ஓர் இரும்புச் சட்டி. சட்டிக்குள் ஒரு செங்கல்.

"செங்கல் எதுக்கு அண்ணாச்சி? போற வழியில வீடு கட்ட உத்தேசமா?"

உலகநாதன் சிரிக்கவில்லை. "இடது பக்கம் கனம் கூடிட்டு. வண்டி ஒரு பக்கமா இழுக்குது. சரிக்கட்ட வேண்டாமா?"

"சட்டி?"

"அதுவும் சரிக்கட்டத்தான்."

நாச்சியார் இரண்டு பைகளையும் இறக்கினாள். அவருடைய ஸ்பேனரையே எடுத்துக் கேரியரைக் கழற்றினாள். பல் பிடுங்குவதைப் பார்ப்பது மாதிரி அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்குள் போய் மூன்று பைகளோடு வந்தாள். ஒன்று உருளையாக, ஹேண்டில்பாரில் கட்டுவதற்கு. ஒன்று முக்கோணமாக, சட்டத்துக்கு நடுவில் செருகுவதற்கு. இன்னொன்று வாத்து வால் மாதிரி, சீட்டுக்குப் பின்னால்.

"இதுக்குள்ள என்னம்மா அடங்கும்?"

"சைக்கிள்ல தூரம் போறதுக்கான பைக்பேக்கிங் பை இப்படித்தான். அடங்குறதுதான் அடங்கும்."

துணியும் போர்வையும் சுருண்டு ஹேண்டில்பாரில் ஏறின. பஞ்சர் சாமான் நடுவில் போனது. மழைக்கோட்டும் கருப்பட்டியும் சீட்டுப் பைக்கு. ஓலைப்பெட்டி மட்டும் நுழையவில்லை. கருப்பட்டியைக் கொட்டித் துண்டில் முடிந்து வைக்க வேண்டியிருந்தது. அதன்பிறகு அந்தப் பையில் ஓர் எலுமிச்சம்பழத்துக்குக்கூட இடமில்லை.

தரையில் பெட்டியும் சட்டியும் ஸ்பேனர்களும் செங்கலும் கிடந்தன.

"ஓட்டிப் பாருங்க."

உலகநாதன் தெருக்கோடி வரை போய்த் திரும்பினார். முகமே மாறியிருந்தது.

"இழுக்கவே இல்லம்மா! எதிர்க்கனம் வைக்காமலே நேரா போகுது."

"எல்லாம் ஒரே கோட்டுல இருக்குல்லா."

"பாறைக்கு நடுவுலயும் போயிரும். இன்னிக்கே கிளம்புதேன்."

நாச்சியார் சீட்டுப் பையின் வாரை இன்னும் கொஞ்சம் இறுக்கினாள்.

"போய் அண்ணன்கிட்ட என்ன சொல்லப் போறீய?"

அவர் அதை ரொம்ப நாளாகவே மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தார். உடனே சொன்னார்.

"அம்மா போனப்போ நான் சைக்கிள்ல ஊர் சுத்திக்கிட்டிருந்தேன். போனை அணைச்சு வச்சிருந்தேன். பதினாறாம் நாள்தான் வந்து சேர்ந்தேன். அது என் தப்புன்னு சொல்லுவேன்."

"நல்லது."

"அப்புறம், அன்னிக்குப் பந்தல்ல வச்சு, அத்தனை பேரு முன்னால, நீ இந்த வீட்டுப் பிள்ளையே இல்லைன்னானே, அதையும் கேட்பேன்."

"அதையுமா?"

"பின்னே? என் தப்பை மட்டும் சொன்னா எப்படி? ஒரு பக்கமா ஆயிராதா?"

நாச்சியார் குனிந்து செங்கலை எடுத்தாள். அதிலிருந்த மண்ணைத் தட்டினாள். அவர் கையில் கொடுத்தாள்.

"கருப்பட்டியை வெளியே எடுத்துட்டா, இது உள்ள போயிரும் அண்ணாச்சி."