பதினெட்டாம் அத்தியாயம்

கலியமூர்த்திக்கு வயது அறுபத்தாறு. அவருடைய குருவுக்கு முப்பத்தெட்டு.

குருவின் பெயர் அபயாம்பாள். மாயவரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் அறையில் நர்ஸ். வாரப் பத்திரிகை ஒன்றில் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தாள். செவ்வாயும் வெள்ளியும் காலையில் ஐந்து கட்டில்களிலும் நோயாளிகள் படுத்து, கையில் ஊசி ஏறி, இயந்திரங்கள் ஓடத் தொடங்கியதும், ஒரு ஸ்டூலை நடுவில் இழுத்துப் போட்டுக்கொண்டு தன் கதையை வாசிப்பாள். அரைமணிக்கு ஒருதரம் எழுந்து எல்லாருக்கும் பிரஷர் பார்ப்பாள். மறுபடி உட்கார்ந்து விட்ட வரியிலிருந்து தொடர்வாள்.

மூன்றாவது கட்டில் கலியமூர்த்தியின் மனைவி தையல்நாயகியுடையது. நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற கலியமூர்த்தி, இரண்டு சிறுகதைத் தொகுப்புகள் போட்டவர். தையல்நாயகிகூட அவற்றை முழுதாகப் படித்ததில்லை. அந்த அறையில் நோயாளிகளும் துணைக்கு வந்தவர்களும் மூச்சுக் காட்டாமல் கேட்பதை மூன்று வாரம் பார்த்தார். நான்காம் வாரம் அபயாம்பாள் முன்னால் போய் நின்றார்.

"சிஸ்டர், எனக்கு எழுதக் கத்துக்கொடுங்க."

"சார், நீங்க புஸ்தகமே போட்டவரு."

"போட்டேன். யாரும் எடுக்கலை."

அவள் சிரித்துவிட்டாள். அன்றிலிருந்து அவர் அவளுடைய மாணவர்.

தொடர்கதை பதினேழு அத்தியாயம் ஓடி, அதில் ஒரு கல்யாணமும் நடந்து முடிந்திருந்தது. அந்த வெள்ளிக்கிழமை காலையில் பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார். அபயாம்பாள் கையுறை மாட்டியிருந்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டுப் பிடிக்கச் சொல்லி கலியமூர்த்தியிடம் கொடுத்தாள்.

"அடுத்தது முதலிரவு, மேடம். ஒரு நாலு பக்கம் தாராளமா எழுதுங்க. இப்ப எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்க. நீங்கதான் கதவைச் சாத்திட்டுப் போயிடறீங்க."

"இதுலயும் சாத்திடுவேன் சார்."

"சாத்தினா யாரு படிப்பா?"

"இந்தப் பதினேழு வாரமா யாரு படிச்சாங்களோ அவங்க."

எதிர்முனையில் குரல் இறுகியது. "நாலு பக்கம் வரலைன்னா தொடரை இந்த வாரத்தோட நிறுத்தவேண்டியிருக்கும்."

"நிறுத்திக்குங்க. ஆனா என் பேரைப் போட்டு வேற யாரையாவது எழுத வெச்சீங்கன்னா உங்க ஆபீஸ் வாசல்ல வந்து நிப்பேன். கூட்டம் கூடற வரைக்கும் நிப்பேன்."

போன் வைக்கப்பட்டது. கலியமூர்த்திக்கு மனசு ஆறவில்லை. ஒரு தொடருக்காகத் தவம் கிடப்பவர்களை அவருக்குத் தெரியும். அவரே கிடந்திருக்கிறார்.

"பயமா சிஸ்டர்?"

"எதுக்குப் பயம்?"

"நாலு பேர் என்ன சொல்வாங்கன்னு. நர்ஸம்மா இப்படி எழுதறாளேன்னு."

"தெனம் எத்தனை பேருக்குத் துணி மாத்திவிடறேன், எத்தனை பேரைத் தொடைச்சுவிடறேன். மனுஷ உடம்பு எனக்குப் புதுசா சார்?"

"அப்புறம் ஏன் எழுத மாட்டேங்கறீங்க? வாழ்க்கையில இருக்கிறதை மறைக்கிறது பொய்யில்லையா?"

நான்காவது கட்டிலின் இயந்திரம் கூவியது. அபயாம்பாள் போய்க் குழாயைச் சரிசெய்துவிட்டு வந்தாள்.

"போன வாரம் ஒரு கதை முடிச்சேன்னீங்களே. கொண்டு வந்திருக்கீங்களா?"

"பையிலதான் இருக்கு."

"அதுல எதையும் மறைக்கலையே?"

"ஒண்ணுகூட மறைக்கலை."

"இன்னைக்கு நீங்க வாசிங்க."

கலியமூர்த்தி ஸ்டூலில் உட்கார்ந்தார். தாள்களைச் சந்தோஷமாகப் பிரித்தார்.

கதை ஒரு சர்வேயரைப் பற்றியது. அளக்கப் போன இடத்தில் எல்லைக்கல் ஒன்று காணாமல் போயிருக்கிறது. முதல் இரண்டு பக்கத்தில் அறை முழுக்க அவர் கைக்குள் வந்துவிட்டது. முதல் கட்டிலில் படுத்திருந்த வேதமாணிக்கம், பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர், "கல்லைப் புடுங்கினது யாருங்க?" என்று இடையில் கேட்டே விட்டார். அவருடைய மகள் ரோஸ்லின் கால்மாட்டில் உட்கார்ந்து அப்பாவின் காலைப் பிடித்துவிட்டபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த மாதம் அவளுக்கு நிச்சயதார்த்தம்.

மூன்றாம் பக்கத்தில் சர்வேயர் ஒரு பெண்ணின் வீட்டுக்குள் போகிறான்.

கலியமூர்த்தி அந்தப் பக்கத்தை ஏழு தடவை திருத்தி எழுதியிருந்தார். ஒரு சொல்கூட மலிவானதல்ல. மூன்று வரி வாசித்ததும் தன் குரல் தனக்கே கேட்க ஆரம்பித்தது.

ரோஸ்லினின் கை அப்பாவின் காலில் அப்படியே நின்றது. பிறகு மெல்ல விலகியது. வேதமாணிக்கம் கண்ணை மூடிக்கொண்டார். கையில் குழாய் இருந்ததால் திரும்பிப் படுக்க முடியாது. முகத்தை மட்டும், எவ்வளவு முடியுமோ அவ்வளவு, சுவர்ப்பக்கம் திருப்பினார். தையல்நாயகி போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டாள்.

"சிஸ்டர், தண்ணி பிடிச்சிட்டு வர்றேன்" என்று ரோஸ்லின் எழுந்தாள். கையில் இருந்த பாட்டில் நிறையத் தண்ணீர் இருந்தது.

கலியமூர்த்தி அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ரோஷம் விடவில்லை. கடைசிவரை வாசித்தார். கல்லைப் பிடுங்கியது யார் என்று கதையின் முடிவில் வந்தது. அவர் எழுதியதிலேயே நல்ல பக்கம் அதுதான். வேதமாணிக்கம் கண்ணைத் திறக்கவில்லை.

"நல்லா எழுதியிருக்கீங்க சார்" என்றாள் அபயாம்பாள். அவள் குரலில் கிண்டல் இல்லை. கிண்டல் செய்திருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

ரோஸ்லின் திரும்பி வந்து உட்காரும்வரை அபயாம்பாள் காத்திருந்தாள். பிறகு தன் பையில் இருந்து கையெழுத்துத் தாள்களை எடுத்தாள்.

"பதினெட்டாம் அத்தியாயம். இது பத்திரிகையில வராது. உங்களுக்கு மட்டும்தான்."

கதையில் கல்யாணம் முடிந்த இரவு. மாப்பிள்ளை உட்காருவதற்கு முன்பே பெண் சொல்லிவிடுகிறாள். அம்மா செத்துப்போய்விட்டதாகச் சொன்னது பொய். இரண்டு வருஷமாக மனநல ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். கல்யாணம் நடக்கவேண்டும் என்பதற்காகப் பெற்றவளை உயிரோடு சாகடித்துவிட்டு வந்திருக்கிறேன். இனிமேல் என்னால் தூங்க முடியாது. நீங்கள் திட்டினாலும் சரி, திருப்பிக் கொண்டுபோய் விட்டாலும் சரி.

மாப்பிள்ளைக்குக் கோபம் வருகிறது. கத்துகிறான். டம்ளரில் பால் ஆறி ஆடை கட்டும்வரை உட்கார்ந்திருக்கிறான். கடைசியில் கேட்கிறான்: "உங்கம்மாவுக்குச் சாப்பிட என்ன பிடிக்கும்?"

அவள் சொல்கிறாள். அவன் எழுந்து விளக்கை அணைக்கிறான். காலையில் முதல் பஸ்ஸில் இரண்டு பேர் தூக்குச்சட்டியோடு ஏறுகிறார்கள்.

அபயாம்பாள் தாள்களை மடித்தாள். தையல்நாயகி போர்வை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தன் மனைவி ஒரு கதைக்கு அழுது கலியமூர்த்தி பார்த்ததே இல்லை.

"ரோஸ்லின்" என்றார் வேதமாணிக்கம்.

"என்னப்பா?"

"மாப்பிள்ளை வீட்டுல என்னைப் பத்தி என்னன்னு சொல்லி வெச்சிருக்கே?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சொல்லும்மா."

"மூட்டுவலின்னு சொல்லியிருக்கேன். அதுக்குத்தான் வாரம் ரெண்டு நாள் வைத்தியம்னு." அவள் குரல் உடைந்தது. "இதைச் சொன்னா வேண்டாம்னு போயிடுவாங்கப்பா."

"போகட்டும். போறவன் இப்பவே போகட்டும். நீ எனக்காக ஒரு பொய்யைத் தலையில வெச்சுக்கிட்டு ஒருத்தன் வீட்டுக்குள்ள நுழையாதே. போனைப் போடு."

"அப்பா, இங்கேயா?"

"இங்கேதான். நான் கேக்கணும்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போட்டாள். "அப்பாவுக்குக் கிட்னி ரெண்டும் போயிடுச்சு. வாரம் ரெண்டு தடவை டயாலிசிஸ். மூட்டுவலின்னு நான் சொன்னது பொய்" என்றாள். பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் "சரி" என்று வைத்தாள்.

"என்ன சொல்றான்?"

"வீட்டுல பேசிட்டுச் சொல்றேங்கறார்."

"பேசட்டும்" என்றார் வேதமாணிக்கம். ஊசி ஏறாத கையை நீட்டினார். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டு மணிக்குக் கடைசி இயந்திரமும் நின்றது. கட்டுப் போட்ட கைகளோடு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். தையல்நாயகியை வெளியே நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு கலியமூர்த்தி திரும்பி வந்தார். அபயாம்பாள் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

"நான் எழுதினது அசிங்கமா சிஸ்டர்?"

"இல்லை சார்."

"தப்பா?"

"தப்புமில்லை. ஒருத்தர் தனியா உட்கார்ந்து படிச்சா அது நல்ல கதை."

"நீங்க எழுதினா அதைவிட நல்லா வரும். உங்களுக்கு எழுத வராம இல்லை. நாலே நாலு பக்கம். தொடரும் நின்னிருக்காது. எதுக்கு இந்தப் பிடிவாதம்?"

அபயாம்பாள் குழாயை மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டு அவரை நேராகப் பார்த்தாள்.

"ரோஸ்லின் எழுந்து வெளியே போனாத்தான் என் கதை உள்ளே வர முடியும்னா, அது வெளியிலேயே நிக்கட்டும் சார். நான் கூப்பிட மாட்டேன்."