முள் எடுத்த மீன்

வடக்கே ஒரு பெரிய ஏரி. அதன் கரையில் தெனே மக்கள் இருந்தார்கள். தெனே என்றால் அவர்கள் மொழியில் மனிதர்கள். தெற்கே காட்டுக்குள் இன்னொரு மக்கள். அவர்கள் தங்களை நெஹியாவ் என்று சொல்லிக்கொண்டார்கள்.

ஆனால் அவரவர் சொல்லிக்கொள்ளும் பெயரை யார் கேட்டார்கள்? தெற்கத்தியார் தெனேக்களைக் கூர்முனைத் தோல்சட்டைக்காரர்கள் என்றார்கள். தெனேக்கள் தெற்கத்தியாரை எனா என்றார்கள். எனா என்றால் எதிரி. பின்னால் வந்த வெள்ளைக்காரன் ஒருவரைப் பற்றி அடுத்தவரிடம் விசாரித்து எழுதிக்கொண்டு போனான். பக்கத்து வீட்டுக்காரனிடம் விசாரித்தால் நமக்கு என்ன பெயர் கிடைக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

தெனேக்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவனுக்குக் குழந்தை பிறந்ததும் அவனுடைய பழைய பெயர் கழன்று விழுந்துவிடும். அதன் பிறகு அவன் அந்தக் குழந்தையின் அப்பா, அவ்வளவுதான். நம் பக்கத்திலும் வீட்டுக்காரரைக் 'கமலா அப்பா' என்று கூப்பிடுகிற பெண்கள் உண்டே, அதை ஊரே செய்கிற மாதிரி. குழந்தை இல்லாதவனுக்கும் குறை வைக்கவில்லை. அவன் வளர்க்கும் நாயின் பெயரைச் சொல்லி, அதன் அப்பா என்று கூப்பிட்டார்கள். அதில் கேலி கிடையாது.

அங்கே யாத்தின் அப்பா என்று ஒருவன் இருந்தான். யாத் என்றால் பனி. பனி கொட்டிய நாளில் பிறந்த மகள்.

அவன் தெற்கத்தி மொழி கற்றுக்கொண்டிருந்தான். குரு அவனுடைய தங்கை கணவர். தெற்கிலிருந்து வந்து இங்கே பெண் கட்டியவர் என்பதால் அவரை எல்லோரும் எனா என்றே கூப்பிட்டார்கள். வயதில் அவனைவிட இளையவர்தான். ஆனாலும் குரு குருதானே.

அவன் ஏன் கற்றான் என்றால், கோடையில் இரண்டு மக்களும் ஏரிக்கரையில் கூடிப் பேசுவதாக இருந்தது. முந்தின இலையுதிர் காலத்தில் மான் வேட்டையில் தகராறு வந்து தெற்கத்தி இளைஞன் ஒருவன் செத்துப்போனான். பேசித் தீர்க்காவிட்டால் அடுத்த வேட்டையில் இன்னும் பலர் சாவார்கள். தெனேக்கள் சார்பில் பேச யாத்தின் அப்பாவைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அந்த மாதிரிக் கூட்டத்தில் எழுந்து நிற்பவன் முதலில் தன் பெயரைச் சொல்ல வேண்டும். சொல்லாதவன் மனதில் கள்ளம் வைத்திருக்கிறான் என்று எதிர்த்தரப்பு எழுந்து போய்விடும்.

அந்தக் குளிர்காலத்தில் யாத் காய்ச்சலில் இறந்தாள்.

அதன் பிறகு கொஞ்ச காலம் அவனை யாரும் எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிடவில்லை. தோளைத் தொட்டார்கள், கையசைத்தார்கள். இறந்த குழந்தையின் பெயரைச் சொல்லிச் சொல்லி அவனைக் குத்த வேண்டாமே என்ற நல்லெண்ணம்தான். வசந்தத்தில் ஒருநாள் அவனுடைய பெரியப்பா தூரத்திலிருந்து கூப்பிட்டார்.

"தெல்பாவின் அப்பா."

தெல்பா அவனுடைய சாம்பல் நிற நாய். அவர் வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று அவன் பின்னால் திரும்பிப் பார்த்தான். அங்கே யாரும் இல்லை. தன்னைத்தான் என்று புரிந்ததும் அந்தப் பெயருக்குப் போக மனம் வரவில்லை. ஆனாலும் போனான். கூப்பிட்டவர் பெரியவர், போகாமல் இருக்க முடியுமா?

கூட்டத்துக்கு முந்தின நாள் அவன் குருவைத் தேடிப் போனான். எனா தோணியில் உட்கார்ந்து வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை, நாளைக்கு எழுந்து நின்னு என் பெயரை என்னன்னு சொல்றது?"

"ஏறுங்க மச்சான். ஒரு ஆளா வலை தூக்க முடியல."

ஏறினான். கொஞ்ச தூரம் துடுப்பு போட்டார்கள்.

"யாத்தின் அப்பான்னு சொன்னா அது பொய்யா?"

"இந்தப் பக்கத்தைப் பிடிங்க."

"தெல்பாவின் அப்பான்னு சொல்லலாம்னு பார்க்கிறேன். வாய் வரமாட்டேங்குது. மகளை விட்டுட்டு நாயைப் பிடிச்சுக்கிட்ட மாதிரி இருக்கு."

"மெதுவா இழுங்க, அறுந்துடும்."

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. குருவாக இருந்தாலும் மாப்பிள்ளை மாப்பிள்ளைதானே.

"உங்களுக்கு என்ன கவலை? எதிரின்னு கூப்பிட்டாக்கூட எழுந்து வர்றீங்க. சொந்தப் பெயர்னு ஒண்ணு இருந்ததா இல்லையா?"

"இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிடற ஆள் இங்கே இல்லை."

"அப்புறம் எதிரின்னா ஏன் வர்றீங்க?"

"உங்க தங்கச்சி வாசல்ல நின்னு, 'எதிரி, மீன் வெந்துடுச்சு'ன்னு கூப்பிடறா. நான் பெயரைப் பார்ப்பேனா, மீனைப் பார்ப்பேனா?"

அவனுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று. வந்தபோது இருந்த குழப்பம் இப்போது இரண்டு மடங்காகியிருந்தது.

கரைக்கு வந்து மீனைச் சுட்டார்கள். சாப்பிடும் முன் நெருப்புக்கு ஒரு பங்கு போடுவது வழக்கம். இறந்துபோனவர்களுக்குச் சேரட்டும் என்று போடுவார்கள். எனா ஒரு துண்டைப் பிய்த்து அப்படியே போட்டுவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். அவனுடைய பங்கு இன்னும் கையிலேயே இருந்தது. வயிற்றுப் பக்கத்துக் கொழுப்பான சதையாகப் பார்த்து எடுத்திருந்தான். தலையைக் குனிந்துகொண்டு, விரல் நுனியால் அதைத் தடவித் தடவி ஒவ்வொரு முள்ளாக எடுத்துக்கொண்டிருந்தான். ஏதோ யோசனையில் செய்த காரியம். கடைசியில் ஊதி ஆறவைத்து நெருப்பில் போட்டான்.

எனா மெல்லுவதை நிறுத்தினார்.

"நெருப்புக்கு முள் குத்துமா, மச்சான்?"

அவன் தன் விரல்களைப் பார்த்தான். அன்று அதற்கு மேல் அவன் எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் இரண்டு மக்களும் எதிரெதிராக உட்கார்ந்தார்கள். நடுவில் நெருப்பு. பக்கத்தில் சுட்ட மீன். தெற்கத்தியாரின் முன்வரிசையில், செத்துப்போன இளைஞனின் வீட்டார் நடுவில், நரைமுடி மனிதர் ஒருவர் முகத்தை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவன் எழுந்து நின்றான். வாய் திறக்கவில்லை. தெனேக்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியப்பா மெதுவாக, "தெல்பாவின் அப்பான்னு சொல்லிடு" என்று எடுத்துக் கொடுத்தார். தெற்கத்தியாரில் இரண்டு பேர் எழுந்துகொள்ளப் பார்த்தார்கள்.

"நான் யாத்தின் அப்பா" என்றான் அவன், அவர்கள் மொழியில்.

பின்னால் பெரியப்பா பதறிப்போனார். இறந்தவளைப் பெயர் சொல்லி இப்படி இத்தனை பேர் நடுவில் கூப்பிடலாமா என்று அவருக்குப் பயம்.

நரைமுடிக்காரர் முறைப்படி நலம் விசாரித்தார்.

"குழந்தை எங்கே? கூட்டி வரவில்லையா?"

இத்தனை நாள் கற்ற மொழியில் ஒரு சொல்கூட அவன் நாக்கில் இல்லை. சொந்த மொழியும் வரவில்லை. குருவைத் திரும்பிப் பார்த்தான். எனா நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவன் மண்டியிட்டு உட்கார்ந்தான். ஒரு மீனை எடுத்து வயிற்றுச் சதையைப் பிய்த்தான். எல்லோரும் பார்த்திருக்க, முள் முள்ளாக எடுத்தான். நேரமாயிற்று. ஊதினான். நெருப்பில் போட்டான். கண்ணில் நீர் வழிந்தது, துடைக்கவில்லை.

நரைமுடிக்காரர் எழுந்தார். சண்டைக்கு வருகிறார் என்று தெனேக்கள் நினைத்தார்கள். அவர் வந்து நெருப்பின் மறுபக்கத்தில் உட்கார்ந்தார். அவரும் ஒரு மீனை எடுத்தார். வயிற்றுச் சதையைப் பிய்த்து, குனிந்து, விரல் நுனியால் தடவ ஆரம்பித்தார். வயதான கண்கள், முள் சரியாகத் தெரியவில்லை. அவர் அவசரப்படவில்லை.

அவனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவர் இன்னும் தன் பெயரையே சொல்லவில்லை. பெயர் தெரியாமல் பேச்சை எப்படித் தொடங்குவது? எனா பக்கம் சாய்ந்தான்.

"மாப்பிள்ளை, இவர் பெயர் என்ன?"

எனா நெருப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அதையும் கேட்கணுமா, மச்சான்? அவரும் முள் எடுக்கிறார், பாருங்க."