குங்கிலிய மரத்துக்குள் என்ன?

மலைச்சரிவில் ஒரு குங்கிலிய மரம் நின்றது. காற்று அந்தப் பக்கமிருந்து வீசினால் காடே மணக்கும்.

அந்தக் காட்டில் துருவி என்ற சோலைமந்தி வாழ்ந்தது. எதையும் துருவித் துருவிப் பார்ப்பதால் வந்த பெயர் அது. மற்ற மந்திகள் பழத்தைத் தின்றுகொண்டிருக்க, துருவி கொட்டையை உடைத்து உள்ளே என்ன என்று பார்த்துக்கொண்டிருக்கும்.

மரத்தின் மணம் எங்கிருந்து வருகிறது என்று அதற்குத் தெரிந்தாக வேண்டும். பூவை முகர்ந்தது, இலையைக் கசக்கியது. இரண்டிலும் அந்த மணம் இல்லை. பிறகு பட்டையில் தேன் நிறத்தில் ஒரு சிறு பிசின் கட்டியைக் கண்டது, அதுதான் குங்கிலியம். மூக்கருகே கொண்டுபோனதும் தெரிந்துவிட்டது. அதே மணம்! கடித்துப் பார்த்தால் பல்லில் ஒட்டிக்கொண்டு விடவே இல்லை.

வெளியே கசிந்ததே இவ்வளவு மணக்கிறதென்றால், மரத்துக்குள் குடம் குடமாக இருக்கும் என்று துருவி நினைத்தது. உள்ளே பார்க்க ஆசை. ஆனால் பட்டை தடிமன். அதனால் கூரன் என்ற முள்ளம்பன்றியிடம் போய் உதவி கேட்டது. பட்டை கொறிப்பதென்றால் கூரனுக்கு உயிர். ஏன் எதற்கு என்று கேட்காமலே கிளம்பி வந்தது.

கூரன் கொறித்த இடமெல்லாம் குங்கிலியம் துளித்துளியாய் ஊறியது. துருவி குதித்தது. ஆனால் மறுநாள் பார்த்தால் துளிகள் கெட்டியாகி நின்றன. அடியில் வெறும் மரம்தான். குடம் இன்னும் தள்ளி இருக்கும் என்று சொல்லி, பக்கத்தில் கொறிக்கச் சொன்னது. இப்படியே நகர்ந்து நகர்ந்து, அடிமரத்தைச் சுற்றிப் பட்டை போய்விட்டது. ஒரு சாண் அகலம்தான் மிச்சம்.

அப்போது மேலிருந்து ஓர் ஆண் இருவாச்சிப் பறவை பறந்து வந்தது. அதன் துணை உச்சிப் பொந்துக்குள் முட்டையோடு இருந்தது. இருவாச்சிகளின் வழக்கப்படி, குஞ்சு வளரும்வரை பொந்தின் வாசலைப் பூசி அடைத்தாயிற்று. அடைகாக்கும்போது இறகு உதிர்ந்துவிட்டதால் துணையால் பறக்கவும் முடியாது.

"துருவி, பட்டை முழுக்கப் போனால் மரம் பட்டுவிடும். பட்ட மரம் காற்றுக்குத் தாங்காது. அவள் உள்ளே இருக்கிறாள்" என்றது இருவாச்சி.

"நான் பார்க்கத்தானே செய்கிறேன்" என்றது துருவி.

"நீ பார்க்கிறாய். மரம்தான் குறைந்துகொண்டே போகிறது."

துருவிக்குச் சுருக்கென்றது. மரத்தில் ஏறி யோசித்தபடியே போனது. நடுமரத்தில், எப்போதோ கிளை முறிந்த இடத்தில், பழைய குங்கிலியம் திரண்டிருந்தது. வழக்கம்போல அதன் ஓரத்தைப் பெயர்த்துப் பார்த்தது. அடியில் இளம்பட்டை மெல்லத் துளிர்த்து வந்துகொண்டிருந்தது.

துருவி வெகுநேரம் அதையே பார்த்தது. உள்ளே குடமும் இல்லை, புதையலும் இல்லை. மரம் தன் புண்ணுக்குத் தானே பத்துப் போட்டுக்கொள்கிறது. அந்தப் பத்துதான் இப்படி மணக்கிறது.

கீழே கூரன் பொழுதுசாயும் முன்பே வந்து பல்லைத் தீட்டிக்கொண்டிருந்தது. துருவி சரசரவென்று இறங்கி, மிச்சமிருந்த பட்டையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தது.

"போதும், கூரா. உள்ளே ஒன்றுமில்லை."

"இருந்தால் எனக்கென்ன, இல்லாவிட்டால் எனக்கென்ன? பட்டை ருசியாக இருக்கிறது. என்னைக் கூப்பிட்டது நீதானே?"

"நான்தான். அதனால்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்."

கூரன் திரும்பி நின்று முட்களைச் சிலிர்த்தது. அப்படியே பின்னால் பாய்ந்தது. துருவியின் தொடையில் முட்கள் இறங்கின. கண்ணில் நீர் முட்டியது. ஆனாலும் அது இடத்தைவிட்டு அசையவில்லை. இன்னொரு முறையும் குத்திப் பார்த்துவிட்டு, கூரன் முணுமுணுத்தபடி கிழங்கு தேடிப் போய்விட்டது.

அதன்பின் மாலைதோறும் துருவி நொண்டி நொண்டி வந்து அங்கேயே காவல் இருந்தது. அந்த ஒரு சாண் பட்டை வழியாகவே மரம் வேருக்குச் சத்தைக் கடத்திப் பிழைத்தது. காயங்களைக் குங்கிலியம் மூடியது. கோடைக் காற்று மரத்தை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போனது. ஒரு காலையில் பொந்தின் அடைப்பு உடைந்தது. தாய் இருவாச்சி வெளியே வந்தது. அதன் பின்னாலேயே ஒரு குஞ்சு, வெளிச்சத்துக்குக் கண்ணைக் கொட்டியபடி எட்டிப் பார்த்தது.

எதையும் அறிய ஆசைப்படுவது நல்லதுதான். ஆனால் அறிய வந்த பொருளையே அழித்துவிடாமல் பார்க்கக் கற்றவரே உண்மையில் அதை அறிகிறார்.