கார்முகிலின் காலும் ராஜாவின் கையும்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஞானமுத்து அண்ணன். எங்கள் செவலைப் பசு முள்வேலியில் காலைக் கிழித்துக்கொண்ட வருஷம், கட்டுப் போட்டுக்கொண்டே சொன்னார். அவர் சொன்ன ருசி எனக்கு வருமோ என்னவோ, சாமியை நினைத்துக்கொண்டு சொல்கிறேன்.

ரொம்பக் காலத்துக்கு முன்னால் மருதங்காட்டுச் சீமையைக் கம்பீரராசன் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான். ஆனால் தன்னிடம் உள்ளதை நாலு பேருக்குக் காட்டாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. அவனிடம் கார்முகில் என்று ஒரு குதிரை. உடம்பு முழுக்கக் கறுப்பு, தேடினாலும் ஒரு வெள்ளை முடி கிடையாது. விஜயதசமி ஊர்வலத்தில் அது கால் தூக்கி நடக்கும் அழகைப் பார்க்கவே அண்டை தேசத்து ராஜாக்கள் வருவார்கள்.

ஆனி மாதத்தில் அந்தக் குதிரைக்கு முன்னங்காலில் அடிபட்டது. சின்னக் காயம்தான், ஆனால் ஆறவில்லை. புண்ணுக்குள்ளிருந்து சிவப்பாகச் சதை கிளம்பி, தோலுக்கு மேலே கோழிக்கொண்டைப் பூ மாதிரி பிதுங்கி நின்றது.

எப்படி ஆறும்? அரண்மனைக்கு யார் வந்தாலும் ராஜா லாயத்துக்கு இழுத்துக்கொண்டு வந்துவிடுவான். "பாருங்களேன் என் செல்லத்தின் காலை!" என்று கட்டை அவிழ்த்துக் காட்டுவான். வந்தவர்கள் சும்மா போவார்களா? ஒருத்தர் சுண்ணாம்பு தடவுவார். இன்னொருத்தர் அதைத் துடைத்துவிட்டுத் தேன் தடவுவார். ஈ மொய்க்கும். சதை இன்னும் கொஞ்சம் வளரும்.

மந்திரி அனவரதருக்கு இதைப் பார்க்கப் பார்க்க மனசு கேட்கவில்லை. அவர் பதவி மேல் கண் வைத்திருந்த கஜபதி ராயருக்கோ கொண்டாட்டம். சபையில் எழுந்தார்.

"மகாராஜா, ஊர்ப்பட்ட விஷயத்துக்கெல்லாம் யோசனை சொல்கிற மந்திரியார் இதற்கு மட்டும் வாய் திறக்கவில்லையே! புண்ணைக் கண்டால் மயக்கம் வருமோ?"

"ஆற்றிவிடலாம் மகாராஜா, தசமிக்குள்" என்றார் அனவரதர்.

"ஆறாவிட்டால்?" என்று முந்திக்கொண்டார் ராயர்.

ராஜாவுக்கும் வேகம் வந்துவிட்டது. "ஆறாவிட்டால் மந்திரி மோதிரத்தைக் கழற்றி ராயர் கையில் கொடுத்துவிட்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு எல்லை தாண்டிப் போய்விடும்!"

அனவரதர் தலைவணங்கினார். வைத்தியம் ஒன்றும் ரகசியமில்லை. வளர்ந்த சதையைச் சீவிவிட்டு இறுக்கிக் கட்டினால், ஓரத்துத் தோல் மெல்ல வந்து மூடிக்கொள்ளும். ராஜாவின் கையை எதைக்கொண்டு கட்டுவது என்பதுதான் தெரியவில்லை.

"நான் கட்டுறேன், அவுக அவுக்குறாக" என்று புலம்பினார் லாயக்காரர் மஸ்தான் ராவுத்தர். "நான் என்னங்கய்யா செய்ய?"

"நாளைக்குப் பாரும்" என்றார் அனவரதர்.

மறுநாள் ராவுத்தர் கத்தியை எடுத்ததும் ராஜா அலறிவிட்டான். "ஐயோ, வலிக்குமே!"

"கத்தியைப் பார்க்காதீர்கள் மகாராஜா, குதிரையின் வாயைப் பாருங்கள்."

கார்முகில் பாட்டுக்குக் கொள்ளு மென்றுகொண்டிருந்தது. மேலே வளர்ந்த சதைக்கு உணர்ச்சி ஏது? ரத்தம் கசிந்ததே தவிர, அது காலைக்கூட இழுக்கவில்லை. கட்டி முடித்ததும் அனவரதர் அரக்கை உருக்கி முடிச்சின்மேல் ஊற்றினார்.

"தங்கள் முத்திரையை இதன்மேல் வைக்க வேண்டும். கட்டு மாற்றும் நாளில் சபையைக் கூட்டித்தான் பிரிப்போம்."

ராஜாவுக்குப் பெருமை தாங்கவில்லை, பச்சென்று மோதிரத்தை அழுத்திவிட்டான். ராஜமுத்திரையை உடைத்த கையை வெட்ட வேண்டும் என்பது அந்தச் சீமைச் சட்டம்.

ஆடி போயிற்று. புண் சுருங்கிக்கொண்டு வந்தது. ஆவணியில் ஒரு நாள் காலை, முத்திரை உடைந்து கிடந்தது.

சபை கூடியது. ராயர் துள்ளினார். "ஆறவில்லை என்ற பயத்தில் மந்திரியே பிரித்துப் பார்த்திருக்கிறார்! வெட்டுங்கள் கையை!"

அனவரதர் ராஜாவைப் பார்த்தார். ராஜாவின் வலது கை அங்கவஸ்திரத்துக்குள் இருந்தது.

"உடைத்தது யாராக இருந்தாலும் வெட்டத்தான் வேண்டுமா ராயரே?"

"யாராக இருந்தாலும்!"

"கொஞ்சம் யோசித்துச் சொல்லும்."

"யோசிக்க என்ன இருக்கிறது? எவ்வளவு பெரிய கையாக இருந்தாலும் வெட்டத்தான் வேண்டும்!"

ராஜா மெதுவாகக் கையை வெளியே எடுத்தான். நகக்கண்ணில் சிவப்பு அரக்கு. "மச்சினன் வந்திருந்தான் மந்திரியாரே... ஒரே ஒரு தரம் காட்டச் சொன்னான்..."

ராயர் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

"மகாராஜா, அந்தக் கை மறுபடி எதையும் உடைக்கக் கூடாது என்பதற்குத்தானே சட்டம்?" என்றார் அனவரதர். "வெட்டினாலும் உடைக்காது, கட்டினாலும் உடைக்காது. தசமி வரைக்கும் கட்டிவைப்போம். வெட்டச் சொன்னவர் அந்தக் கையின் வேலையைச் செய்யட்டும்."

ராவுத்தர் குதிரைக்குக் கட்டும் அதே துணியால் ராஜாவின் கையை மணிக்கட்டு வரை சுற்றிவிட்டார். அன்று முதல் ராஜாவுக்குச் சோறு ஊட்டுவது ராயர் வேலை. "சுடுகிறது, ஊதும் ஓய்! ரசத்தைச் சிந்தாதேயும்!" என்று வேளாவேளைக்கு வசவு. லாயத்தில் ராவுத்தரைத் தவிர யாரும் கட்டைத் தொடவில்லை.

தசமி வந்தது. ஊர் முழுக்கக் கூடியிருக்க, ராவுத்தர் கார்முகிலின் கட்டைப் பிரித்தார். கால் மட்டமாக, வழுவழுவென்று ஆறியிருந்தது. ஆனால் தழும்பின்மேல் முளைத்த முடி வெள்ளை!

"மோசம் போனோம்!" என்று கத்தினார் ராயர். "வெள்ளை விழுந்த குதிரையை ஊர்வலத்தில் விடுவதா? கழற்றும் மோதிரத்தை!"

அனவரதர் ராஜாவின் பக்கம் திரும்பினார். "மகாராஜா, தங்கள் கட்டையும் பிரித்துவிடலாமா?" என்று மட்டும் கேட்டார்.

பிரித்தார்கள். வெயில் படாத அந்தக் கை மணிக்கட்டு வரை வெளுத்துப்போயிருந்தது.

ராஜா தன் கையைப் பார்த்தான், குதிரையின் காலைப் பார்த்தான். கையை உயரத் தூக்கி ராயர் முகத்துக்கு நேரே காட்டினான். "எனக்கும்தான் வெளுத்திருக்கிறது. நானும் ஊர்வலத்தில் போகக் கூடாதோ?"

சிரிப்பு வீதியின் அந்தக் கடைசி வரை போயிற்று. ராயர்தான் அன்றைக்குக் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். கார்முகில் கால் தூக்கி வைக்கும்போதெல்லாம் அந்த வெள்ளை, கொலுசு மாதிரி மின்னியது. மேளச் சத்தத்துக்கு மேலே ஜனங்களின் குலவைச் சத்தம்.

"மந்திரியாரே, என்ன வேண்டும், கேளும்" என்றான் ராஜா.

"லாயத்துக்கு ஒரு கதவு மகாராஜா. தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கட்டும்."

கேட்டுக்கொண்டிருந்த உங்களிடம் நான் கேட்பதும் சின்னதுதான். உங்கள் வீட்டு வாயில்லா ஜீவனுக்குக் கட்டுப் போட்டிருந்தால், டாக்டர் சொன்ன நாளுக்கு முன்னால் அவிழ்த்துப் பார்க்காதீர்கள்.