கல்லீரல் வீட்டுக்கு வந்த கிராம்புத் தைலம்

முன்னொரு காலத்தில் என்று இழுக்க வேண்டாம்; போன ஐப்பசி மழையில்தான் இது நடந்தது. நாகர்கோவிலில் பார்சல் லாரி ஓட்டும் ஞானசிகாமணியின் வலது விலாவுக்கு அடியில் ஒரு கல்லீரல் குடியிருந்தது. நல்ல உழைப்பாளி, ஆனால் வாயில்லாப் பூச்சி. பல்லுக்கு ஒன்று என்றால் ஊரையே கூட்டிவிடும். வயிற்றுக்கு ஒன்று என்றால் வீடு இரண்டாகும். கல்லீரலுக்கு மட்டும் அழத் தெரியாது.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. காரமான ஆள் யார் வந்தாலும் ஒரு காவலர் கையைப் பிடித்துப் பின்வாசல் வழியாக வெளியே கொண்டுபோக வேண்டும். போன காவலர் போனதுதான், திரும்புவதில்லை. கல்லீரல் நாள்தோறும் புதுக் காவலர்களை உண்டாக்கிக்கொள்ளும். படித்தவர்கள் இவர்களுக்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று வைத்திருக்கிறார்கள். நமக்குக் காவலர் என்றால் போதும். உடம்பில் துருப் பிடிக்காமல் பார்த்துக்கொள்வதும் அவர்கள் வேலைதான்.

ஒருநாள் பல்வலிக்காகப் பஞ்சில் வைத்த கிராம்புத் தைலத்தில் ஒரு சொட்டு உள்ளே இறங்கி வந்தது. மலையில் பிறந்ததையும், துருவை விரட்டத் தெரியும் என்பதையும் பெருமையாகச் சொல்லிக்கொண்டது. வெறும் பேச்சில்லை. காவலர்களோடு சேர்ந்து கொஞ்சநேரம் துருவைத் துடைத்தது. போகும்போது கல்லீரல் மனம் நிறைந்து வழியனுப்பியது.

பல்வலி விட்டது. அத்தோடு விட்டிருக்கலாம். கிராம்புத் தைலம் ஈரலுக்கும் நல்லது என்று யாரோ ஞானசிகாமணியின் காதில் ஓதிவிட்டார்கள். மனிதர் காலையில் வெறும் வயிற்றில் ஒரு கரண்டி குடிக்க ஆரம்பித்தார். மனைவி ரோஸ்லெட் தடுத்துப் பார்த்தாள்.

“பல்லு இத்துனூண்டு, அதுக்கு ஒரு சொட்டு கேட்டுச்சு. ஈரலு பெருசுல்லா? அதுக்கு ஒரு கரண்டியாவது வேண்டாமா?” என்றார் அவர்.

கணக்கு என்னவோ சரியாகத்தான் இருந்தது. உள்ளே தைலம் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கியது. ஒவ்வொரு சொட்டையும் ஒரு காவலர் கையைப் பிடித்து வெளியே கொண்டுபோனார். கல்லீரல் இரவு பகல் பாராமல் புதுக் காவலர்களை உண்டாக்கியும் எட்டவில்லை. ஏழாம் நாள் வாசலில் ஒரே ஒரு காவலர் நின்றிருந்தார். காவல் இல்லாத வீட்டுக்குள் துரு தாராளமாக நுழைந்து சுவரைத் தின்றது. இன்னும் ஒரு கரண்டி வந்தால் வீடே விழுந்துவிடும் என்று கல்லீரலுக்குத் தெரிந்துவிட்டது.

தைலத்துக்கு முகத்தில் ஈயாடவில்லை.

“அண்ணாச்சி, நான் உமக்கு உதவத்தான வந்தேன்?”

“தெரியும் தம்பி. உதவ வர்றவங்களையும் நான்தான வழியனுப்பணும்?”

“சத்தம் போட்டு அவருகிட்ட சொல்லும்.”

“எனக்கு அது வராதே.”

பாவம், அதற்கு முடிந்தது ஒன்றுதான். வெளியே அனுப்ப முடியாமல் தேங்கிய பித்தம் ரத்தத்தில் கலந்து கண் வரைக்கும் ஏறியது. மறுநாள் காலை ஞானசிகாமணி கரண்டியை எடுத்தபோது எதிரே நின்ற ரோஸ்லெட் அவர் கண்ணைப் பார்த்தாள். மஞ்சளாக இருந்தது. கரண்டியைப் பிடுங்கிக் கழுவுதொட்டியில் போட்டாள். தைலப் பாட்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டு அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

டாக்டரம்மா பாட்டிலை மோந்து பார்த்தார், எத்தனை கரண்டி என்று கேட்டார். தலையில் அடித்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். புதுக் காவலர்களை உண்டாக்கத் தோதான மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். வாசலில் இரண்டு பேர் வந்தார்கள், பிறகு பத்துப் பேர். பன்னிரண்டாம் நாள் கண் வெளுத்தது. வீட்டுக்குக் கிளம்பும்போதும் நம் ஆள் திருந்தினபாடில்லை.

“இனி ஈரலுக்கு நல்லதா என்ன குடிக்கட்டும் டாக்டர்?”

“ஒண்ணும் குடிக்காண்டாம்,” என்றார் டாக்டரம்மா.

ஒரு வாரம் கழித்துப் பக்கத்து வீட்டு வயிறு எட்டிப் பார்த்து, முகம் தெளிஞ்சிருக்கே, என்ன விசேஷம் என்று கேட்டது.

துருவைத் துடைத்துக்கொண்டிருந்த கல்லீரல் நிமிர்ந்து சொன்னது:

“எனக்கு நல்லது செய்ய இப்பம் யாரும் வர்றதில்ல.”