பூ இல்லாத யானை மெத்தை

எந்தக் காலம் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். யானைக்கு மெத்தை தைத்துப் போட்ட காலம், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அந்தக் காலத்தில் மாங்கோட்டை என்று ஒரு சின்ன நாடு இருந்தது. அதை இளங்கண்டன் என்ற அரசன் ஆண்டு வந்தான். நல்லவன், நியாயம் தெரிந்தவன். ஒரே ஒரு குறை, அலங்காரம் என்றால் உயிரை விடுவான்.

அவனுடைய பட்டத்து யானைக்குக் கருங்குன்றன் என்று பெயர். அதன் கழுத்தில் உட்கார்ந்து ஓட்டிய பாகன் உடையான். அதன் முதுகுக்கு மெத்தை தைத்தவள் உடையானின் மனைவி குழலாயி. இந்தக் கதை அவளுடையது.

மெத்தை என்றதும் நீங்கள் படுத்துப் புரளுகிற மெத்தையை நினைத்துக்கொள்ளாதீர்கள். அடியில் முரட்டுத் துணி, நடுவில் பஞ்சு, மேலே துண்டு துண்டாக இணைத்த நல்ல துணி. மூன்றையும் சேர்த்துக் குத்தி ஓட்டுத் தையல் போட்டது. நடுமுதுகில் அரசனின் இருக்கை அமரும். இரண்டு பக்கமும் மெத்தை யானையின் வயிறு மறையத் தொங்கும். அந்தத் தொங்கலில்தான் தைத்தவளின் கைவண்ணம் தெரியும்.

குழலாயிக்குத் தன் கைவண்ணத்தின் மேல் கர்வம் உண்டு. இருக்கட்டுமே. கர்வப்படும்படி வேலை செய்தவள் கர்வப்பட்டால் உங்களுக்கும் எனக்கும் என்ன நஷ்டம்?

ஓர் அறுவடைத் திருநாளுக்கு அவள் ஒரு மெத்தை தைத்தாள். எல்லாம் பூத்துணி. தாமரை அச்சு, கொடி அச்சு, கிளி அச்சு என்று உள்ளங்கை அகலத் துண்டுகளாக வெட்டி, ஒன்றோடொன்று இணைத்து, கண்ணைப் பறிக்கும்படி செய்திருந்தாள். அரசன் பார்த்துவிட்டு அசந்துபோனான். அரசி தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அரண்மனையே மூக்கில் விரல் வைத்தது.

திருநாளன்று ஊர்வலம் ஏரிக்கு அக்கரையில் போனது. குழலாயி கோட்டை மதில்மேல் ஏறி நின்றாள். பக்கத்தில் எண்ணெய் விற்கும் வடிவி நின்றாள். தூரத்தில் மூன்று யானைகள் வரிசையாக வந்தன.

“அக்கா, இதுல எது நீங்க தைச்ச மெத்தை?” என்று வடிவி கேட்டாள்.

“இதென்ன கேள்வி? அதோ பாரு, முன்னால வர்றது” என்றாள் குழலாயி. பிறகு கண்ணை இடுக்கிக்கொண்டு, “இல்லை இல்லை, நடுவுல வர்றது” என்றாள். பிறகு, “கடைசியில வர்றதா இருக்கும்” என்றாள்.

தன் கையால் தைத்ததைத் தன் கண்ணாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. தாமரையும் கொடியும் கிளியும் தூரத்தில் ஒன்றோடொன்று குழைந்து, யானையின் நிறத்திலேயே கரைந்துபோயிருந்தன. மூன்று யானைகளும் மூன்று சாம்பல் மூட்டைகளாகத்தான் தெரிந்தன.

“விடுங்கக்கா. கிட்டப் போய்ப் பார்த்தா அழகாத்தானே இருக்கும்” என்று வடிவி ஆறுதல் சொன்னாள். அந்த ஆறுதல்தான் குழலாயிக்குச் சுருக்கென்று தைத்தது. அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அவமானம் மட்டும் என்றால் இரண்டு நாளில் ஆறிப்போயிருக்கும். அவளுக்கு வேறொரு பயமும் பிடித்துக்கொண்டது. அந்த நாட்டுப் படைக்கு ஒரு வழக்கம் உண்டு. போர்க்களத்தில் வீரர்கள் அடிக்கடி திரும்பி அரசனின் யானையைத் தேடுவார்கள். யானை தெரிந்தால் அரசன் இருக்கிறான் என்று நின்று சண்டை போடுவார்கள். தெரியாவிட்டால் அரசன் விழுந்துவிட்டான் என்று எண்ணி ஓடிவிடுவார்கள். படை ஓடிய பிறகு யானைமேல் தனியாக மாட்டிக்கொள்பவர்கள் இரண்டே பேர். ஒருவன் அரசன். இன்னொருவன் பாகன்.

தன் புருஷன் தலைக்குத் தானே பூப்போட்டுக் குழி தோண்டியிருக்கிறோமே என்று குழலாயி பதறினாள். அழுதுகொண்டு உட்காருகிற ஜாதி இல்லை அவள். மறுநாளே துணி மூட்டையைப் பிரித்தாள். அச்சு இல்லாத, பூ இல்லாத, கரை இல்லாத ஒற்றை நிறத் துணிகளை மட்டும் எடுத்து வைத்தாள்.

முதலில் சிவப்பையும் கருநீலத்தையும் சின்னத் துண்டுகளாக இணைத்து, ஏரிக்கு அக்கரையில் இருந்த ஆலமரத்தில் தொங்கவிட்டாள். பின்பக்கமாகவே நடந்து நடந்து போய்ப் பார்த்தாள். பாதித் தூரத்திலேயே இரண்டும் கலந்து அழுக்காகத் தெரிந்தன. அடுத்து, கதவளவு பெரிய துண்டுகளாக வெட்டினாள். இப்போது கொஞ்சம் தெரிந்தது. ஆனாலும் சிவப்பும் நீலமும் ஒட்டி நின்ற இடம் இருட்டாகவே இருந்தது. மூன்றாவதாக, இரண்டுக்கும் நடுவே முழ அகலத்துக்கு வெள்ளையை வைத்தாள். பிறகு திரும்பிப் பார்க்காமல் மதில்வரை நடந்து, மேலே ஏறி நின்று பார்த்தாள்.

ஏரிக்கு அக்கரையிலிருந்து சிவப்பு சிவப்பாகவே நின்றது. நீலம் நீலமாகவே நின்றது. வெள்ளை பளீரென்று நின்றது. குழலாயிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் தனியாகவே நின்று சிரித்தாள்.

அந்த நேரம் பார்த்து அண்டை நாட்டுக்காரன் படை திரட்டுகிறான் என்று சேதி வந்தது. அரசன் குழலாயியைக் கூப்பிட்டுவிட்டான். கடல் கடந்து வந்த பூத்துணி ஒரு பெட்டி நிறைய இருந்தது. “இதில் தை. போருக்குப் போகும்போது கருங்குன்றன் பூந்தோட்டம் மாதிரிப் போக வேண்டும்” என்றான்.

“இந்த முறை பூ வேண்டாம் மகாராஜா. போன திருநாளுக்கு நான் தைச்சது மதில்லேருந்து பார்த்தா தெரியவே இல்லை” என்றாள் குழலாயி.

அரசன் சிரித்துவிட்டான். “அவ்வளவு அழகான மெத்தை தெரியவில்லையா? உனக்குக் கண் மங்கிவிட்டது போலிருக்கிறது. போய்த் தை” என்றான்.

அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வந்து ஒரு மூலையில் வைத்தாள். திறக்கவே இல்லை.

வெட்டுவதற்கு முன்னால் சிவப்புத் துணியை மூன்று முறை அலசினாள். முதல் தண்ணீர் ரத்தமாக ஓடியது, இரண்டாவது வெளுத்தது, மூன்றாவது தெளிந்தது. அதற்குப் பிறகுதான் அதை வெள்ளையோடு சேர்த்தாள். கூடத் தைக்க வந்த பெண்கள் பூத்துணியில் தைத்துப் பழகியவர்கள். பூத்துணியில் ஊசி கோணிப் போனாலும் இலைக்குள்ளோ இதழுக்குள்ளோ ஒளிந்துகொள்ளும். ஒற்றை நிறத் துணியில் எங்கே ஒளிவது? ஒரு தையல் நெளிந்தாலும் நட்டநடு வெயிலில் நிற்கிற மாதிரித் தெரியும்.

ஒருத்தி தைத்ததைக் குழலாயி பார்த்து, “பிரி” என்றாள். அவள் மறுபடி தைத்தாள். “பிரி” என்றாள். மூன்றாம் முறை அந்தப் பெண்ணுக்கு அழுகை வந்துவிட்டது. “இவ்வளவு கஷ்டத்துக்குப் பூவே வெச்சிடலாமேக்கா” என்றாள்.

“பூ வெச்சு மறைக்கிற தையல் நம்ம தையல் இல்லை. பிரி” என்றாள் குழலாயி.

மெத்தை முடிந்தபோது தையல் வரிகள் உழுத வயலின் சால்கள் போல நேராக ஓடின. பூ இல்லை, கொடி இல்லை, கிளி இல்லை. சிவப்பு, வெள்ளை, நீலம், அவ்வளவுதான். தைத்த பெண்களே தள்ளி நின்று திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். அழுத பெண் தான் தைத்த பக்கத்தை எல்லாருக்கும் இழுத்து இழுத்துக் காட்டினாள்.

அரசன் மட்டும் முகத்தைச் சுளித்தான். “எங்கே பூ? எங்கே கொடி? இந்த மொட்டைத் துணியைப் போட்டுக்கொண்டு போனால் எதிரி சிரிக்கமாட்டானா? படை கிளம்ப மூன்று நாள்தான் இருக்கிறது, வேறு தைக்க நேரமில்லை. இரண்டு பக்கத் தொங்கலிலும் அந்தப் பூத்துணியை இதன் மேலே போட்டுத் தைத்துவிடு. இல்லையென்றால் இந்த அரண்மனைக்கு நீ தைத்தது போதும்” என்றான்.

குழலாயிக்கு முகம் சிவந்தது. “அப்படியே தைக்கிறேன் மகாராஜா” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

தைத்தாள். எப்படித் தைத்தாள் தெரியுமா? தானிய மூட்டையின் வாயைச் சங்கிலித் தையல் போட்டுக் கட்டுவார்களே, அதே தையல். தொடங்கிய நுனியை இழுத்தால் அசையாது. முடிந்த நுனியை இழுத்தால் ஒரே இழுப்பில் மளமளவென்று பிரிந்து வந்துவிடும். அந்த முடிந்த நுனியை ஒவ்வொரு பக்கமும் யானையின் கழுத்தோரமாக, பாகனின் முழங்கால் படும் இடத்தில் விட்டு வைத்தாள்.

அரசன் வந்து பார்த்தான். குனிந்து பார்த்தான், தடவிப் பார்த்தான், தள்ளி நின்று பார்த்தான். “சபாஷ். ஒரு தையல்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை” என்றான்.

“பூத்துணி அப்படித்தான் மகாராஜா. எதையும் மறைச்சிடும்” என்றாள் குழலாயி.

படை கிளம்பும் காலையில் அவள் உடையானிடம் அந்த நூல் நுனிகளைத் தொட்டுக் காட்டினாள். உடையான் சட்டென்று கையை இழுத்துக்கொண்டான். “அரசர் உத்தரவை மீறச் சொல்றியா?” என்றான்.

“நான் எதையும் மீறலை. தைக்கச் சொன்னார், தைச்சாச்சு. நம்ம ஆளுங்க கலைஞ்சு ஓடுனா மட்டும் இழுங்க. ஓடலைன்னா பூவோடயே திரும்பி வாங்க, நானும் வாயை மூடிக்கிறேன். ஆனா திரும்பி வாங்க” என்றாள்.

வற்றிப்போன ஏரிக்குள்தான் சண்டை. ஊர்ப் பெண்கள் எல்லாரும் மதில்மேல் நின்றார்கள். அவரவர் வீட்டு ஆண்கள் அங்கே இருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் கிளம்பிய புழுதியில் யார் எங்கே என்று ஒன்றும் புரியவில்லை. குழலாயி கருங்குன்றனைத் தேடினாள். புழுதி நிறத்தில் எத்தனையோ உருவங்கள் அசைந்தன, அதில் எது யானை, எது வண்டி என்று அவளாலேயே சொல்ல முடியவில்லை.

“அரசர் விழுந்துட்டார்” என்று எவனோ ஒருவன் கத்தினான். அந்த ஒரு சொல் போதும். பத்துப் பேர் திரும்பினார்கள், நூறு பேர் திரும்பினார்கள், படையே கோட்டையைப் பார்த்து ஓடிவரத் தொடங்கியது. மதில்மேல் நின்ற பெண்கள் தலையில் கை வைத்தார்கள்.

“இழுங்க” என்றாள் குழலாயி. உடையான் காதில் விழாது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் சொன்னாள். “இழுங்க. இழுங்க.”

புழுதிக்கு நடுவே ஏதோ நழுவி விழுந்தது. சிவப்பு எழுந்தது. அதை ஒட்டி வெள்ளை. அதை ஒட்டி நீலம். ஏரியின் நட்டநடுவில், அத்தனை புழுதியிலும், வீட்டுச் சுவர் அகலத்துக்கு மூன்று நிறங்களும் கலங்காமல் நின்றன.

“அதோ யானை. அரசர் மேலேதான் இருக்கார், திரும்பிப் பாருங்கடா” என்று குழலாயி கையை நீட்டிக் கத்தினாள். வடிவியும் கத்தினாள். மதில்மேல் இருந்த அத்தனை பெண்களும் ஒரே திசையில் கையை நீட்டிக் கத்தினார்கள். ஓடி வந்தவர்கள் நின்றார்கள், திரும்பினார்கள், பார்த்தார்கள். பார்த்தவர்கள் போன வேகத்தைச் சொல்லி முடியாது. பொழுது சாய்வதற்குள் எதிரிப் படை தன் நாட்டு எல்லையைத் தாண்டிவிட்டது.

கருங்குன்றன் கோட்டை வாசலுக்கு வந்தது. கழுத்தில் உடையான் உட்கார்ந்திருந்தான், உடம்பெல்லாம் புழுதி, உயிரோடு இருந்தான். குழலாயி ஓடிப்போய் அவன் காலைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் விட்டாள். துடைத்துக்கொண்டதும் அவள் கேட்ட முதல் கேள்வி, “ஒரே இழுப்புல வந்துச்சா?”

“வந்துச்சு” என்றான் உடையான்.

அரசன் யானையிலிருந்து இறங்கினான். கூட்டம் அடங்கியது. “பூத்துணியைப் பிரித்தது யார்?” என்று கேட்டான்.

“நான்தான்” என்றான் உடையான்.

“பிரிக்கச் சொன்னது யார்?”

“நான்தான்” என்றாள் குழலாயி.

“அப்படியானால் என் உத்தரவு என்ன ஆனது?”

குழலாயி நிமிர்ந்து நின்றாள். “மேலே போட்டுத் தைக்கச் சொன்னீங்க, தைச்சேன் மகாராஜா. எவ்வளவு இறுக்கித் தைக்கணும்னு நீங்க சொல்லலை” என்றாள்.

அரசன் அவளையே பார்த்தான். பிறகு தலையிலிருந்த கிரீடத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். “எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே மேலே உட்கார்ந்திருந்தேன் அம்மா. என் படை என்னை விட்டு ஓடுகிறபோதுதான், நான் ஒருவர் கண்ணுக்கும் தெரியவில்லை என்று தெரிந்தது” என்றான். “கேள், என்ன வேண்டும்?”

பொன் கேட்பாள் என்று சிலர் நினைத்தார்கள். நிலம் கேட்பாள் என்று சிலர் நினைத்தார்கள். பட்டம் கேட்பாள் என்று அரசனே நினைத்தான்.

“இனிமே நான் தைச்சதை யாரும் மூடக் கூடாது” என்றாள் குழலாயி.

அரசன் அங்கேயே, அத்தனை பேர் முன்னால், அப்படியே ஆகட்டும் என்று வாக்குக் கொடுத்தான். அன்று கருங்குன்றன் மூன்று நிறங்களையும் சுமந்துகொண்டு தெருத் தெருவாக நடந்தபோது, குழலாயி அதன் பக்கத்திலேயே நடந்தாள். தலை குனியவில்லை. யார் கேட்டாலும், “நான் தைச்சது” என்றாள்.

கிட்ட வந்து மெச்சுகிறவர்களுக்காகச் செய்த வேலையைவிட, தூரத்தில் நின்று நம்பியிருப்பவர்களுக்காகச் செய்த வேலையே பெரியது என்று தெரிந்துகொள்ளுங்கள்.